மூன்று எண்ணும் வரை அழுத்தவும்

அவன் டீக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தபோது, திரையில் அந்த வெள்ளைப் புள்ளி விழுந்தது.

விழுந்தது. கொஞ்ச நேரம் நின்றது. மறைந்தது.

விரல் பட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியவேண்டும் என்று அந்தப் போனில் அமைத்தது அவனேதான். செயலிகளைச் சோதிக்கிறவர்கள் எல்லாரும் செய்வது. எங்கே தொட்டோம் என்று தெரிந்தால் வசதி. ஆனால் அது போனே அல்ல, எமுலேட்டர். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற பொய்ப் போன். கையில் பிடிக்க முடியாது, கீழே போட்டு உடைக்கவும் முடியாது, தொடவேண்டுமானால் மவுஸால்தான் தொடவேண்டும். மவுஸ் மேஜைமேல் தனியாகக் கிடந்தது. அவனுடைய பத்து விரல்களும் கோப்பையைச் சுற்றி இருந்தன.

"மவுஸ்ல தூசி," என்றான் வாய்விட்டு. அந்தத் தளத்தில் மறுத்துப் பேச ஆள் இல்லை.

விடுமுறை நாள், மத்தியானம். வெளியே மழைக்கு முந்திய இருட்டு கட்டியிருந்ததால் கண்ணாடிச் சுவர் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள். ஆள் இப்போதுதான் எழுந்து போனதாக மேலாளர் நம்பவேண்டும் என்பதற்காக நிரந்தரமாக மாட்டிவைக்கப்பட்ட கோட்டுகள் சில நாற்காலிகளின் முதுகில் தொங்கின. மூலையில் தண்ணீர் இயந்திரம் அவ்வப்போது தொண்டையைச் செருமியது. விளக்குகள் ஆள் அசைந்தால்தான் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. அதைப் பாராட்டி வாசலில் ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகைக்கு மட்டும் எப்போதும் எரிகிற தனி விளக்கு. அன்று அவன் உட்கார்ந்திருந்த வரிசைக்கு மேல் மட்டும் வெளிச்சம். மற்ற வரிசைகள் எல்லாம் இருட்டில், அவனைப் பார்த்தபடி.

புள்ளி மறுபடி விழுந்தது. அதே இடம். திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே.

அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்திருக்க வேண்டும். இல்லை. திரை முழுக்கக் கறுப்பு.

*

ஆபீசில் அவனுக்குப் பெயர் மூடுவிழா. வருகிற புகார்களை அவ்வளவு வேகமாக மூடுவான். நான்கு பேர் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்கிற கோளாறை டீ ஆறுவதற்குள் 'ரீஸ்டார்ட் செய்யவும்' என்று எழுதி மூடிவிடுவான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அவர்கள் செய்தது தனியாக இருக்கிற வயதானவர்களுக்கான செயலி. திறந்தால் ஒரே ஒரு சிவப்புப் பட்டன். அதற்குக் கீழே: மூன்று எண்ணும் வரை அழுத்தவும். அழுத்தினால் எங்கே இருந்தாலும் பிள்ளைகளின் போன் அலறும். அவ்வளவுதான். அதில் கெட்டுப்போவதற்கு ஒன்றுமே இல்லை என்பதால் அவன் ஒன்றைச் சேர்த்தான். பட்டனைச் சுற்றி ஒரு சிவந்த ஒளி, மூச்சுவிடுவதுபோல மெல்ல விரிந்து சுருங்கும். யாரும் கேட்கவில்லை. அழகாக இருக்குமே என்று செய்தான். அழகாகத்தான் இருந்தது.

அப்போது சோதனைப் பிரிவில் இருந்த அக்காதான் முதலில் பார்த்தாள்.

"டேய் மூடுவிழா, இங்க வா. பட்டன் எங்கடா?"

"எங்கக்கா போகும்? நடுவுல இருக்கும், பாருங்க."

"நடுவுலயும் இல்ல, ஓரத்துலயும் இல்ல. கரி பூசின மாதிரி இருக்கு. சார்ஜ் கொறஞ்சா எப்படி இருக்கும்னு வச்சுப் பாத்தேன், மொத்தமும் கறுத்துப்போச்சு."

அவன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. குனிந்து, எமுலேட்டரின் அமைப்புகளைத் திறந்து, படம் வரைகிற வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடமிருந்து பிடுங்கிச் சாஃப்ட்வேரிடம் கொடுத்தான். பட்டன் வந்துவிட்டது. சிவப்பாக, மூச்சுவிட்டுக்கொண்டு.

"பாத்தீங்களா? எமுலேட்டர் கிராபிக்ஸ் கோளாறு. நிஜப் போன்ல வராது."

"நிஜப் போன்ல பாத்தியா?"

"இதுக்கெல்லாமாக்கா?"

"பழைய போன் ஒண்ணுல பாத்துடுடா. வயசானவங்க கையில புதுப் போனா இருக்கும்?"

"பாத்துடறேன்க்கா, பாத்துடறேன்."

எமுலேட்டர் கோளாறு, நிஜப் போனில் வராது. எழுதினான், மூடினான். பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய பழைய போன் அவனுடைய மேஜை டிராயரில்தான் கிடந்தது. அடுத்த வாரம் அதை எடுத்துத் துடைத்து, அந்தச் செயலியைப் போட்டு, சித்திக்குக் கொடுத்துவிட்டான்.

*

மவுஸின் வயரைப் பிடுங்கினான். புள்ளி விழுந்தது.

சரி. இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. மவுஸை மறுபடி செருகினான். முதலில் கிராபிக்ஸ். சாஃப்ட்வேருக்கு மாற்றினான், சிவப்புப் பட்டன் வந்தது, புள்ளி வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். பழையபடி கார்டுக்கு மாற்றினான். கறுப்பு வந்தது, கறுப்புக்குள் புள்ளி வந்தது. கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தான். புள்ளி. முழுவதுமாக அணைத்து, பழைய நினைவு எதுவும் இல்லாமல் புதிதாகக் கிளப்பினான். புள்ளி. கடைசியாக, எல்லாவற்றையும் அழித்தான். செயலி, அமைப்புகள், எல்லாம். இப்போதுதான் பிறந்த போன், யாரும் எதற்காகவும் தொட்டிராத போன், கண் திறப்பதற்கு முன்பு எல்லாப் போன்களும் கொஞ்ச நேரம் காட்டுகிற வெறும் கறுப்பைக் காட்டியது.

அந்தக் கறுப்பில் புள்ளி விழுந்தது. அதே இடத்தில்.

அப்போதுதான், தன் உதடுகள் அசைந்துகொண்டிருப்பதை அவன் கவனித்தான். புள்ளி விழும்போது ஒண்ணு. நிற்கும்போது ரெண்டு. மறையும்போது மூணு.

*

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான் சித்தி. ஓடி வந்துடுவோம்."

"மூணு எண்றதுக்குள்ளயா?"

"கிட்டத்தட்ட."

"ஏண்டா, பால் பொங்குதுன்னு கூப்பிட்டாலே நீ அரை நாள் கழிச்சுத்தான் வருவே."

அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது சித்திதான். சின்ன வயதில் அவன் கதவிடுக்கில் விரலை விட்டபோது, அறைந்து மூட வந்த கதவுக்குக் குறுக்கே தன் விரலைக் கொடுத்தவள். அவன் விரல் பிழைத்தது. அவளுடைய ஆள்காட்டி விரலின் நுனியில், ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒரு சாய்ந்த தழும்பு நின்றுவிட்டது. அந்த விரலில் எப்போதும் தைலம் மணக்கும். முட்டிவலிக்குத் தடவுகிற தைலம். போனைக் கொடுத்த அன்றைக்கும் தைலக் கையோடுதான் அழுத்திப் பார்த்தாள். போனில் சார்ஜ் நிறைய இருந்தது. சிவப்பு மூச்சுவிட்டது. "அழகா இருக்குடா," என்றாள்.

அவள் குளியலறை வாசலில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்து நேரமாகியிருந்தது. போன் அவள் கையில் இருந்தது.

"பாவம், பிடிக்கத் தெரிஞ்சிருக்கு, அழுத்தத் தெரியல," என்றார் ஒரு மாமா. "இந்தக் காலத்துச் சாமான் நம்மளுக்கு எங்க வரும்?" என்றார் இன்னொரு மாமா. அவன் தலையைக் குனிந்து நின்றான். துக்கத்தில் நிற்கிறான் என்று எல்லாரும் அவன் முதுகைத் தடவினார்கள்.

சித்தியின் மகள், அவனுக்குத் தங்கை, போனை அவனிடம் நீட்டினாள். "நீ குடுத்ததுதானே அண்ணா. எனக்கு இதைப் பாக்க முடியல."

கண்ணாடியில் தைலம் அப்பியிருந்தது. முழுக்க அல்ல. நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரே இடத்தில், விரல்மேல் விரல் விரல்மேல் விரலாக, மெழுகுபோலத் திரண்டு. அந்த இடத்தைத் தவிர மற்றக் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

அவன் வீட்டின் பின்பக்கம் போனான். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். சட்டை நுனியால் துடைத்தான். தைலம் லேசில் போகாது. வாயால் ஊதி, மறுபடி துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி துடைத்தான்.

அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சார்ஜ் குறைந்ததும் அந்த அழகான ஒளி கறுத்து, பட்டனுக்கு மேல் ஒரு பலகைபோலக் கிடந்திருக்கிறது. அவள் அழுத்தியது பலகையை. பட்டனுக்கு எதுவும் தெரியாது. பட்டனுக்குத் தெரியாதது பதிவிலும் இருக்காது. ஆகவே, 'சித்தி அழுத்தினதா பதிவு இல்ல' என்று அவன் தங்கையிடம் சொன்னது பொய்யே அல்ல. நாளைக்கு வெளிவரும் புதிய பதிப்பில் அந்த ஒளியை எடுத்தும்விட்டான். என்ன மாற்றம் என்று எழுதவேண்டிய இடத்தில் 'சிறு மெருகூட்டல்கள்' என்று எழுதினான்.

ஆனால் தங்கை விடவில்லை. நேற்று கூப்பிட்டு, இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துச் சொல் என்றாள். அதற்காகத்தான் இந்த விடுமுறை மத்தியானத்தில் வந்து, பழைய பதிப்பைத் தேடியெடுத்து, சித்தியின் போனைப்போலவே ஒரு பொய்ப் போனைச் செய்து, சார்ஜைக் குறைத்து வைத்தான். பார்க்காமலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் 'பாத்துட்டேன்' என்று சொல்லும்போது பார்த்திருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த அளவுக்கு அவன் நேர்மையானவன்.

*

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, பாத்தியா?"

"ம். அதுக்குத்தான் ஆபீஸ் வந்தேன்."

"லீவ்லயா? சாரிண்ணா. சொல்லு. அம்மா அழுத்தினாங்களா?"

திரையில் புள்ளி இல்லை. அவன் பேச ஆரம்பித்ததிலிருந்து இல்லை. கறுப்பு சும்மா இருந்தது. காது கொடுத்துக் கேட்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்களே, அப்படி.

"ஏன் கேக்கறேன்னா… கடைசியா பேசினப்ப சண்டை போட்டேன். என்கூட வந்து இருன்னு சொன்னேன், வரமாட்டேன்னாங்க. அப்ப விழுந்து கெடந்தாலும் என்னைக் கூப்பிடாதேன்னு சொல்லிட்டேன். சும்மா கோவத்துலண்ணா. அந்த வாய வச்சுக்கிட்டு… அம்மா ஒரு தடவையாவது அழுத்தியிருந்தா போதும். கூப்பிட்டாங்க, எனக்குத்தான் கேக்கலன்னு இருந்துக்குவேன். கையில போன வச்சுக்கிட்டே என்னைக் கூப்பிடலன்னா, அதை என்னால தாங்க முடியாதுண்ணா."

சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிற கேள்வியும் அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் ஏன் எனக்கு வரல? அதற்குப் பிறகு வருவதும்.

"அழுத்தலம்மா," என்றான்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"சரி. அப்ப அம்மாவுக்கு என்மேல கோவம்தான்." வைத்துவிட்டாள்.

புள்ளி விழுந்தது.

இந்தத் தடவை அவன் எண்ணுவதற்கு அது இடம் கொடுக்கவில்லை. விழுந்தது, விலகியது, விழுந்தது, விலகியது, அவசர அவசரமாக, பூட்டிய கதவைத் தட்டுவதுபோல. பிறகு வேகம் குறைந்தது. பிறகு நடுங்கியது. விழுந்த இடத்தில் நிற்கமுடியாமல் கொஞ்சம் கீழே வழுக்கியது. மறுபடி மேலே தேடிப் போய், சரியான இடத்தைக் கண்டுபிடித்து, அழுத்தி நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. வழுக்கியது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இதை யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்திருந்தான். யாரும் பார்க்காததுதான் அவனுக்குத் தைரியமாக இருந்தது. இப்போது முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணைச் சுருக்கினான். புள்ளியின் ஓரம் சரியில்லை. கம்ப்யூட்டர் வரைகிற வட்டம் வட்டமாக இருக்கும். இது நீள்வாக்கில் சப்பையாக இருந்தது. வரைகிறதில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. படத்தைப் பெரிதாக்கினான். பெரிதாக்கினால் சின்னச் சின்னச் சதுரங்களாக உடையும். உடைந்தால் அது படம்.

உடையவில்லை.

இன்னும் பெரிதாக்கினான். வெள்ளை, வெள்ளையாக இல்லை. கண்ணாடியில் அழுந்தி இரத்தம் ஒதுங்கிய தோல் எந்த நிறமோ அந்த நிறம். ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. உள்ளே கோடுகள். வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக.

குறுக்கே, சாய்வாக, ஒரு தழும்பு.

உள்ளேயிருந்து.

அவன் எமுலேட்டரை மூடினான். மூடுவதற்கு அவன் கைக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. எமுலேட்டரின் ஜன்னல் மறைந்தது, கறுப்பு மறையவில்லை. திரையின் பின்னால் கையை விட்டு மின்வயரைப் பிடுங்கினான். சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. செத்த கண்ணாடி. அதில் அவன் முகம், பின்னால் நாற்காலிகள், கோட்டுகள்.

முகத்தின் நெற்றியில் ஒரு வெள்ளை அழுந்தி நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று.

தைலம் மணத்தது.

அவன் அசையாமல் இருந்தான். வெகு நேரம் அசையாமல் இருந்ததால் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. கையை வீசினால் எரியும். வீசவில்லை. மழை இன்னும் தொடங்கவில்லை. தண்ணீர் இயந்திரம்கூடத் தொண்டையைச் செருமவில்லை.

தளத்தின் கடைசியில், குளியலறைப் பக்கம், ஒரு வரிசை விளக்கு எரிந்தது.

வாட்ச்மேனாக இருக்கும். "அண்ணே?" என்றான். மறுபடி சொன்னான். "அண்ணே, நான்தான்."

வாட்ச்மேன் நடந்தால் விளக்குகள் படபடவென்று எரிந்துகொண்டு வரும். இது வரவில்லை. வெகு நேரம் கழித்து அடுத்த வரிசை எரிந்தது. வெகு நேரம் கழித்து அதற்கடுத்தது. நடக்கிற வேகம் இல்லை. தரையோடு தரையாக, கையை ஊன்றி, உடம்பை இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து வருகிற வேகம். எரிந்த விளக்குகளுக்குக் கீழே யாரும் இல்லை. மேஜைகளின் உயரத்துக்கு மேலே யாரும் இல்லை.

சொல்லிவிடவேண்டும். தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் போதும். அழுத்தினாங்க. அழுத்திக்கிட்டே இருந்தாங்க. உனக்குத்தான், உன்னைத்தான். தப்பு என்னுது. சொல்லிவிட்டால் போய்விடும். அவன் தன் போனை எடுத்தான். புதுப் போன், முழுச் சார்ஜ்.

கறுப்பு.

பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினான். கறுப்பு. அழுத்திப் பிடித்தான். கறுப்பு. ரீஸ்டார்ட் செய்யவும். கறுப்பு.

இன்னொரு வரிசை எரிந்தது.

கையில் போன் அதிர்ந்தது. மணி அடித்தது. தங்கைதான், அவளுக்கென்று அவன் தனியாக வைத்த மணி. அவளே கூப்பிடுகிறாள். எடுத்துப் பேசினால் போதும். எடுப்பதற்கான பச்சைப் பட்டன் தெரியவில்லை. எங்கே இருக்கும் என்று தெரியும். கீழே, வலது பக்கம். அழுத்தினான். மணி அடித்தது. மறுபடி அழுத்தினான், இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே. விரல் வழுக்கியது. "எடுத்துட்டேன்மா," என்று போனைப் பார்த்துக் கத்தினான். "கேக்குதா? அழுத்தினாங்கம்மா, கேக்குதா?" மணி அடித்தது. மறுமுனையில் அவள் காத்திருக்கிறாள். அவனுக்குத்தான் எடுக்க மனமில்லை என்று நினைத்துக்கொண்டு.

கடைசியாக நடுவில் வைத்தான். நடுவுக்குச் சற்றுக் கீழே. அழுத்திப் பிடித்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் வந்து அவன் விரலோடு பொருந்தியது.

சில்லென்று. அளவாக. தழும்பின் மேடுகூட உறைத்தது.

ஒன்று.

மணி நின்றது.

இரண்டு.

மணி மறுபடி அடிக்கவில்லை.

மூன்று.

அந்த விரல் விலகவில்லை.

பின்னால் வரிசைகள் எல்லாம் எரிந்துவிட்டிருந்தன; அவன் இருந்த வரிசை மட்டும் இருட்டு. அவன் அசையவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.